டைனோசருக்குச் சேணம் தைத்தேன்!

என் மகனும் நானும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்றரை மாதம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்றால் நம்புவீர்களா? "சாப்பாடு எடுத்து வச்சாச்சு", "சாவி எங்கே?", "கேஸ்காரர் வந்தாரா?" - இவ்வளவுதான் எங்கள் பேச்சு. காரணம் என்ன தெரியுமா? ஒரு டைனோசர்!

சிரிக்காதீர்கள், சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நாளை வரலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

பையன் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். அரையாண்டுப் பரீட்சையில் பௌதிகத்தில் ஃபெயில். மார்க் ஷீட்டைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ராத்திரி பதினொரு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு கறுப்புப் பலகையில் பிளாஸ்டிக் பேனாவால் என்னவோ கிறுக்கிக்கொண்டே இருப்பான். எட்டிப் பார்த்தால் எப்போதும் ஒரே விஷயம்தான். பெரிய பல்லி மாதிரி ஒரு மிருகம், அதன் முதுகில் ஈட்டியோடு ஒரு ஆள்!

"இதெல்லாம் சோறு போடுமாடா?" என்று கத்தினேன். அந்தப் பலகையையும் பேனாவையும் பிடுங்கி, பீரோவில் ப்ளவுஸ் பிட்டுகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவன் அழவில்லை, சண்டை போடவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டான். கோபித்துக்கொண்டு கத்துகிற பிள்ளையைச் சமாளித்துவிடலாம். வாயை மூடிக்கொண்டு விட்ட பிள்ளையை என்ன செய்வது? அந்த ஒன்றரை மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒருநாள் அவன் கணக்கு நோட்டுக்கு அட்டை போட எடுத்தேன். கடைசிப் பக்கங்களில் பென்சிலால் அதே மிருகம்! கிழித்துப் போடலாம் என்றுதான் கை போயிற்று. ஆனால் என் கண் வேறெங்கோ போய்விட்டது. நான் பதினெட்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள். அந்தச் சேணத்தின் வயிற்றுப் பட்டையைப் பார்த்ததும் என்னை அறியாமலே வாய் சொல்லிவிட்டது:

"இந்தப் பட்டை நிக்காதேடா. அது ஓடினா வழுக்கிக்கிட்டு முன்னால வந்துடும்."

அவன் தலை நிமிர்ந்தது. "ஏம்மா?" என்றான். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி!

இது என்ன விளையாட்டு?

அன்று ராத்திரிதான் முதல்முறையாக நான் கேட்டேன், "எதுக்குடா இதை வரையறே?" என்று. அவன் சொன்னதையும், பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு. 1974-ல் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் ஜெனீவா ஏரிக் கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதிகள்தான். கையாலேயே அடுக்கிப் பெட்டியில் போட்டு விற்றார்களாம்.

இதில் தாயக்கட்டமும் இல்லை, சீட்டுக்கட்டும் இல்லை. நாலைந்து பேர் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் - ஒருத்தி வீராங்கனை, ஒருவன் மந்திரவாதி, இன்னொருவன் திருடன். "எதிரே ஆறு, பாலம் உடைஞ்சிருக்கு, என்ன செய்யப் போறீங்க?" என்பார் கதை சொல்லி. அவரவர் செய்யப்போவதைச் சொல்லிவிட்டு, இருபது முகம் உள்ள பகடையை உருட்டுவார்கள். எண் பெரிதாக விழுந்தால் காரியம் ஜெயம். பாட்டி கதை சொல்லும்போது நாமே அந்தக் கதைக்குள் போய் ராஜகுமாரியாக நடந்தால் எப்படி இருக்கும்? அதேதான்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். ஆரம்ப நாட்களில் விளையாடுவதற்கு அரக்க பொம்மைகள் கிடைக்கவில்லை. கைகாக்ஸ் கடையிலிருந்து மலிவான பிளாஸ்டிக் மிருகப் பொம்மைகள் வாங்கி வந்தார். ஹாங்காங்கில் செய்து, டைனோசர் பொம்மைகளோடு சேர்த்துப் பையில் போட்டு விற்றவை. எந்த மிருகம் என்றே சொல்ல முடியாத கோணல்மாணல் உருவங்கள்! அவற்றைப் பார்த்துத்தான் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் ஒரு பிராணியும், பாதி ஆந்தை பாதி கரடியான ஒன்றும் அந்த விளையாட்டில் பிறந்தன. இன்றுவரை அவை இருக்கின்றன. நம் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கும் உடைந்த பொம்மையைக் குப்பையில் போடும்போது இனி கொஞ்சம் யோசிப்போம், இல்லையா?

1977-ல் வந்த மிருகங்களின் புத்தகத்தில் உண்மையான டைனோசர்களும் இடம் பிடித்தன. 2004-ல் 'எபரான்' என்று ஒரு கற்பனை உலகம் வெளியாயிற்று. 2002-ல் வைத்த போட்டியில் வந்து குவிந்த சுமார் பதினோராயிரம் யோசனைகளிலிருந்து கீத் பேக்கர் என்பவருடைய யோசனை தேர்வாகி உருவானது அது. அதில் மூன்றடி உயரச் சின்ன மனிதர்கள், புல்வெளியில் டைனோசர்கள் மேல் சவாரி செய்கிறார்கள். என் மகன் வரைந்தது அவர்களைத்தான். இப்படி விளையாடுகிறவர்களுக்குத் தங்கள் பாத்திரத்தின் படமும், அது ஏறிப்போகும் வாகனத்தின் படமும் தேவைப்படுகிறது. அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து தருவது ஒரு கைத்தொழிலாகவே இன்று இருக்கிறது.

பாட்டி கேட்ட கேள்வி

என் மாமியார் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பல்லி மாதிரி இருக்கே, அதுல மனுஷன் எப்படி உக்காருவான்? எடை தாங்குமா?" என்றார். பையன் சிரித்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், படம் வரைகிறவன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியே அதுதான்!

மனிதனும் டைனோசரும் சந்தித்ததே இல்லை. கடைசி டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 லட்சம் வருஷம் ஆகிறது. நாம் தோன்றி மூன்று லட்சம் வருஷம்தான். ஆகவே சவாரி முழுக்கக் கற்பனை. ஆனாலும், கற்பனைக்குள் கணக்கு சரியாக இருந்தால்தான் பார்க்கிறவர் நம்புவார்.

குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதையே இங்கும் வைத்துக்கொண்டோம். ஐம்பது கிலோ ஆள், பத்து கிலோ சேணம் என்றால் மிருகம் முன்னூறு கிலோவாவது இருக்க வேண்டும். சினிமாவில் ஆளைத் துரத்துகிற வெலாசிராப்டர் நிஜத்தில் வான்கோழியைவிடக் கொஞ்சம் பெரியது. சுமார் பதினைந்து கிலோதான்! நம் ஊர்ப் பிள்ளை ஏறினால் அது படுத்துவிடும். நெருப்புக்கோழி மாதிரி ஓடும் காலிமைமஸ் நானூறு கிலோவுக்கு மேல். அதில் தாராளமாக ஏறலாம். மூன்று கொம்பு டிரைசெராடாப்ஸ் பல டன். நம் யானையைவிடக் கனம்! குடும்பத்தோடு சாமான் செட்டையும் ஏற்றிவிடலாம்.

எங்கே உட்காருவது என்பதும் சாமான்ய விஷயமில்லை. பாகன் யானையின் காதுகளுக்குப் பின்னால், கழுத்தில் உட்காருகிறான். டிரைசெராடாப்ஸுக்குக் கழுத்தை மறைத்து முறம் மாதிரி ஒரு எலும்புக் கவசம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால், அது தலையை நிமிர்த்தும் போதெல்லாம் ஆளை இடிக்கும். தோளுக்குப் பின்னால்தான் சேணம் போடவேண்டும். ஸ்டெகோசாரஸுக்கு முதுகு நெடுகத் தகடுகள்! அதில் உட்கார இடமே இல்லை. இரண்டு பக்கமும் கூடை கட்டித் தொங்கவிட வேண்டியதுதான்.

இரண்டு காலில் ஓடுபவை இன்னும் சிக்கல். அவற்றின் உடம்பு தராசு மாதிரி. இடுப்புதான் நடு முள். முன்னால் தலையும் மார்பும், பின்னால் வால். கழுத்தருகே ஆளை உட்கார வைத்தால் முன்பக்கம் கனத்து மூக்குக் குப்புற விழும். இடுப்புக்கு மேலேயே சேணம் வந்தால்தான் சமநிலை கெடாது.

"இது உன் பௌதிகப் புத்தகத்துல இருக்கிற நெம்புகோல் பாடம்தானேடா?" என்றேன். பையன் ஒரு நிமிஷம் சும்மா இருந்தான். பிறகு எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்து வந்தான். அன்றைக்கு நான் அவனைப் படி என்று சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்!

தையல்காரியின் யோசனை

இனி பட்டை விஷயம். வயிற்றைச் சுற்றி ஒரே பட்டை கட்டினால், ஓடும் வேகத்தில் சேணம் முன்னும் பின்னும் நழுவும். கோயில் யானைக்கு அம்பாரி கட்டுவதைப் பார்த்திருப்பீர்களே? வயிற்றுக்கு ஒன்று, மார்புக்குக் குறுக்கே ஒன்று, வாலுக்கு அடியில் ஒன்று என்று கயிறு போகும். மூன்றும் சேர்ந்தால்தான் நிற்கும். அதையே அவனுக்குச் சொன்னேன். தோலின் மேல் கயிறு உரசும் இடத்தில் மெத்தை வைக்கச் சொன்னேன். வளையமும் பக்கிளும் கை எட்டும் இடத்தில் இருக்கவேண்டும் என்றேன். கொக்கியை முதுகுப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டுத் திட்டு வாங்கியவள் நான், எனக்குத் தெரியாதா?

சவாரி செய்யும் பெண்ணுக்குத் தரையில் புரளும் பாவாடை வரைந்திருந்தான். "காலை அகட்டி எப்படி உக்காருவா? நாத்து நடற பொம்பளைங்க புடவையைச் செருகிக்கிறாங்களே, அப்படிப் போடு" என்றேன். உடனே மாற்றினான்.

கோழிக் குழம்பில் ஒரு பாடம்

தோலும் காலும் எப்படி வரைவது? அதற்கு நம் சமையலறையே பள்ளிக்கூடம்! இன்றைய பறவைகள் டைனோசர்களின் வாரிசுகள் என்பது விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்ட உண்மை. கோழிக்காலில் இருக்கும் செதில்களைப் பாருங்கள், நகத்தைப் பாருங்கள். கோழியின் மார்பில் கவட்டை மாதிரி ஒரு எலும்பு வருமே, அது டைரனோசாரஸுக்கும் இருந்தது. 1996-ல் சீனாவில் கிடைத்த சைனோசாராப்டெரிக்ஸ் என்ற சின்ன டைனோசரின் மேல் தூவி போன்ற இழைகள் தெரிந்தன. 2010-ல் அதன் நிறத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள் - வாலில் செம்பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பட்டைகள்!

இன்னொரு சின்ன விஷயம். ஊனுண்ணி டைனோசர்களின் முன்கைகளைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு வரைவது தப்பு. உள்ளங்கைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி, பஜனையில் கை தட்டுகிற மாதிரி இருக்கவேண்டும். வாலும் தரையில் இழுபடாது. கம்பு மாதிரி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

இந்தக் கலைக்கு ஒரு பெரியவர் உண்டு. சார்லஸ் நைட், அமெரிக்கர், 1874-ல் பிறந்தவர். பிறவியிலேயே பார்வைக் குறை. அதுபோதாதென்று சிறுவயதில் ஒரு கல் பட்டு வலது கண்ணும் கெட்டது. சட்டப்படி பார்வையற்றவர் என்றே சொல்லும் நிலை. ஆனாலும் மிருகக்காட்சி சாலையில் நாள்கணக்கில் நின்று உயிருள்ள மிருகங்களைப் பார்த்து வரைந்தார். நியூயார்க் அருங்காட்சியகத்துக்காக அவர் வரைந்த டைனோசர்களைப் பார்த்துத்தான் உலகமே அவற்றைத் தெரிந்துகொண்டது. 1992-ல் 'டைனோடோப்பியா' என்ற புத்தகத்தைத் தந்த ஜேம்ஸ் கர்னி, மனிதர்களும் டைனோசர்களும் சேர்ந்து வாழும் தீவை அதில் வரைந்து காட்டினார். அவர் முதலில் களிமண்ணில் பொம்மை செய்து, விளக்கு வெளிச்சத்தில் வைத்து, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வரைவார். நாங்களும் மைதா மாவில் ஒன்று செய்தோம். நிழல் அழகாக விழுந்தது. மறுநாள் எறும்பு மொய்த்துவிட்டது!

கம்ப்யூட்டரில் எப்படி வரைகிறார்கள்?

நான் பிடுங்கி வைத்த அந்தக் கறுப்புப் பலகைதான் 'பென் டேப்லட்'. சாதாரணமானது சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. வரைவதற்கு 'கிரிட்டா' என்ற சாஃப்ட்வேர் இலவசம். மிருகத்தைப் பொம்மை மாதிரி எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துச் செதுக்க 'பிளெண்டர்' - அதுவும் இலவசம். 2002-ல் உபயோகிப்பாளர்களே ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ வசூலித்துக் கொடுத்து, அதை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள்.

முறை இதுதான்:

முதலில் உருவம். கறுப்பு நிழலாக மட்டும் மிருகத்தையும் ஆளையும் வரையவேண்டும். நிழலைப் பார்த்தே எந்த மிருகம் என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

அடுத்து எலும்பும் சதையும். மூட்டு எங்கே மடங்கும் என்று பார்த்துக் கோடு போடவேண்டும். சேணம் அதற்குப் பிறகுதான். அளவு எடுக்காமல் ஜாக்கெட் வெட்ட முடியுமா?

மூன்றாவது, அடுக்குகள். எம்பிராய்டரிக்கு டிரேஸிங் பேப்பர் வைப்போமே, அதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்கள். மிருகம் ஒரு தாளில், சேணம் ஒன்றில், ஆள் ஒன்றில். சேணம் பிடிக்கவில்லையா? அதை மட்டும் மாற்றலாம். மிருகத்துக்கு ஒன்றும் ஆகாது.

நாலாவது, வெளிச்சம். வண்ணத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் ஒருமுறை பார்க்கவேண்டும். அப்போதும் படம் தெளிவாக இருந்தால் சரி. பிறகு படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திருப்பினால், கோணல்கள் பளிச்சென்று தெரியும். பூ வைத்துக்கொண்டதும் கண்ணாடி பார்க்கிறோமே, அதே காரணம்தான்!

கடைசியில், அச்சுக்குப் போவதாக இருந்தால் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஆரம்பத்திலேயே அளவு வைத்துக்கொள்ள வேண்டும். சின்னதாக வரைந்துவிட்டுப் பெரிதாக்கினால் மங்கிப்போகும்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை

பூட்டிய பீரோவைத் திறந்து கொடுத்தேன். ஆனால் நிபந்தனையோடு!

கண்: திரையைப் பார்க்கும்போது இமை கொட்டுவது குறைந்துவிடுகிறது, அதனால்தான் எரிச்சல். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி இருப்பதை இருபது விநாடி பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் அது எதிர்வீட்டு முருங்கை மரம்.

கை: மணிக்கட்டை மட்டும் ஆட்டி மணிக்கணக்கில் வரைந்தால் வலி வரும். நீளக் கோடுகளைத் தோளிலிருந்து இழுக்கப் பழகவேண்டும். விரல் மரத்துப்போவது, ராத்திரியில் கை வலிப்பது இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இராமல் டாக்டரிடம் காட்டுங்கள். தையல் மெஷின் மிதிக்கும் நமக்கும் இது பொருந்தும்!

உட்காரும் விதம்: பாதம் தரையில் படியவேண்டும், எட்டாவிட்டால் ஒரு மணை போடுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும்.

வெயில்: தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. படம் வரைகிறவன் மாட்டையும் கோழியையும் நேரில் பார்க்கட்டும்!

தூக்கம்: படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரை அணையவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பாதுகாப்பு: படம் கேட்டு வருபவர் முகம் தெரியாதவர். வீட்டு விலாசம், பள்ளியின் பெயர், போன் நம்பர் எதையும் தரக்கூடாது. பணம் வருவதாக இருந்தால் பெரியவர்கள் மூலமாகத்தான்.

நேர்மை: அடுத்தவர் படத்தின் மேல் கோடு இழுத்துத் தன்னுடையது என்று சொல்வது திருட்டு. இப்போது ஒரு வரி எழுதினால் கம்ப்யூட்டரே படம் போட்டுத் தருகிறது. 2023-ல் அந்த விளையாட்டின் புத்தகம் ஒன்றில் ஓர் ஓவியர் அப்படிச் செய்தது தெரியவந்து பெரிய ரகளையாகி, ஓவியர்கள் இனி அதை உபயோகிக்கக் கூடாது என்று பிரசுரித்தவர்கள் சொல்லவேண்டி வந்தது. என் மகனிடம் ஒன்றுதான் சொன்னேன்: "ரெடிமேட் வாங்கினா போட்டுக்கலாம்டா. நான் தைச்சேன்னு சொல்லக்கூடாது."

நம் பக்கத்திலேயே!

நாங்கள் இருப்பது திருச்சி. பக்கத்து ஜில்லாவான அரியலூரில், கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 1987-ல் விஞ்ஞானிகள் 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடல் கொண்டது என்று அர்த்தம். உலகத்திலேயே மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அந்த எலும்புகள் சிதைந்து போய்விட்டன; மிஞ்சியது வரைபடங்களும் சில போட்டோக்களும்தான். இதைக் கேட்டதும் பையன், "அப்போ படம் வரைஞ்சு வச்சவங்களாலதான் அது இருந்ததே தெரியுது, இல்லம்மா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. சோறு போடுமா என்று கேட்டவள் நான்தானே!

முழுப் பரீட்சையில் பௌதிகத்தில் பாஸ் பண்ணிவிட்டான். பெரிய மார்க் இல்லை. ஊரைக் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் ஓவியனாவானா, இன்ஜினீயராவானா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் சண்டை வருகிறது, நேற்றுகூட வந்தது. ஆனால் சண்டை போடுகிறோம், அதாவது பேசுகிறோம்!

போன வாரம் ஒரு படம் காட்டினான். டிரைசெராடாப்ஸின் மேல் மூன்று பட்டையும் ஒழுங்காகக் கட்டிய சேணம். அதில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு அம்மாள். மூக்குக் கண்ணாடி, கழுத்தில் இஞ்சு டேப்!

"இது யாருடா?" என்றேன்.

"கதைல வர்ற ஒருத்தங்க" என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

உங்கள் வீட்டுப் பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன கிறுக்குகிறான், என்ன கிறுக்குகிறாள் என்று ஒருமுறை பாருங்கள். திட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் டைனோசராகவே இருந்தாலும் பரவாயில்லை!